மந்திர மோதிரமும் மீட்பின் அளவும்

மந்திர மோதிரத்தை அணிந்தவன் பேராற்றல் பெறுவதும், கழற்றியவுடன் பழைய நிலை எய்துவதும் கதைகளில் நாம் கேட்டனவே. அத்தகைய மோதிரமொன்றைக் கணினி விளையாட்டில் ஆக்கப் புகுவோர்க்கோ, ஆற்றலைக் கொடுத்தலினும் அதனை மீட்டலே அரிதென்பது புலனாகும்.

2011-ஆம் ஆண்டு நவம்பரில் பெத்தெஸ்டா நிறுவனத்தார் வெளியிட்ட 'ஸ்கைரிம்' என்னும் விளையாட்டைச் சான்றாகக் கொள்வோம். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர்கள் 'கிரியேஷன் கிட்' என்னும் கருவியையும் விலையின்றி வழங்கினர். அதனைக் கொண்டு விளையாடுவோரே புதிய பொருள்களை அவ்வுலகிற் சேர்க்கலாம். இங்ஙனம் சேர்க்கப்படுவது 'மாட்' எனப்படும். பொருளின் செயலைப் 'பாப்பிரஸ்' என்னும் நிரல்மொழியில் எழுதுவர்.

மோதிரத்தின் மந்திரம் தொடங்குங்கால் 'ஆன் எஃபெக்ட் ஸ்டார்ட்' என்னும் பகுதியும், முடியுங்கால் 'ஆன் எஃபெக்ட் ஃபினிஷ்' என்னும் பகுதியும் இயங்கும். முன்னதிற் கொடுத்ததைப் பின்னதில் மீட்டல் வேண்டும். அதற்கு இருவழி உள.

வீரன் சுமக்கும் ஆற்றல் தொடக்கத்தில் 300 ஆகும். மோதிரம் அதனை 400 ஆக்குக என விரும்புகின்றோம். 'செட் ஆக்டர் வேல்யூ' என்னும் கட்டளையால், அணியும்போது 400 என்றும் கழற்றும்போது 300 என்றும் எழுதுதல் முதல் வழி. பார்வைக்கு இது குற்றமற்றதே. ஆயின், மோதிரம் அணிந்திருக்கும்போதே வீரன் ஒருபடி உயர்ந்து 'ஸ்டாமினா'வைத் தெரிந்துகொள்வானாயின், சுமக்கும் ஆற்றலில் 5 கூடி 405 ஆகும். பின்னர் மோதிரத்தைக் கழற்றியதும் 300 என எழுதப்படுதலின், அவன் உழைத்துப் பெற்ற 5 அழிந்துபோம்.

'மாட் ஆக்டர் வேல்யூ' என்னும் கட்டளையால் 100 கூட்டி, பின்னர் அதே 100-ஐக் கழித்தல் இரண்டாம் வழி. இதில் 405 என்பது 305 ஆகும். வீரனது பொருள் வீரனிடமே நிற்கும். இலக்கணம் பயில்வோர்க்குக் கூறின், முன்னது திரிதல் போல்வது. பின்னது தோன்றல் போல்வது.

இரண்டாம் வழியிலும் ஓர் இடர் உண்டு. மோதிரம் விரலில் இருக்கும்போதே மாட்டை நீக்கிவிடின், முடிவுப் பகுதி இயங்காது. கூட்டிய 100 சேமித்த ஆட்டத்திலேயே தங்கிவிடும். ஆதலின், நீக்குமுன் மோதிரத்தைக் கழற்றுமாறு விளையாடுவோர்க்கு அறிவித்தல் ஆக்கியோன் கடமை.

இவை யாவினும் சிறந்த வழியும் ஒன்றுண்டு. ஓர் எண்ணைக் கூட்டுதல் மட்டுமே கருத்தாயின் நிரல் எழுதவே வேண்டுவதில்லை. மந்திரத்தின் வகையை 'வேல்யூ மாடிஃபையர்' என அமைத்து, 'ரெக்கவர்' என்னும் குறியை இட்டால், கொடுத்தலையும் மீட்டலையும் விளையாட்டே செய்துகொள்ளும். கருவியால் இயலாத இடத்தன்றி நிரலை நாடாமை அறிவுடைமை.

பிறரொருவர் பன்னாள் பொழுது செலவிட்டு வளர்த்த ஆட்டத்தினுள் நம் ஆக்கம் புகுகின்றது. ஆங்கு நாம் இட்டதை இட்ட அளவே எடுத்தல் வேண்டும். அவர் ஈட்டியதைத் தொடுதல் ஆகாது. இதனை மனத்திற் கொண்டு எழுதத் தொடங்குவோமாக.