இடைவெளியில் கை ஓயாதிருக்க

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும், சோழிங்கநல்லூருக்கோ மெப்ஸ் வளாகத்துக்கோ வேலைக்குப் போய்க்கொண்டிருந்து இப்போது வீட்டில் இருக்கும் மென்பொருள் பொறியாளர் ஒருவரையாவது பார்க்கலாம். பிரசவம், பெற்றோரின் நோய், ஆட்குறைப்பு, சொந்த உடல்நலம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வேலையில் சேர்ந்த மூன்று நான்கு வருடத்திலேயே இப்படி நிறுத்த நேர்ந்த தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தக் காலத்தில் புதிதாக வரும் எல்லாவற்றையும் கற்றுத் தீர்க்க வேண்டியதில்லை. கற்ற கை ஓயாமல் இருந்தால் போதும்.

1. ராஜினாமாவுக்கு முன் உரிமைகளைக் கேளுங்கள். 2017 முதல், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. அதற்கு முன் அது 12 வாரமாக இருந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதியும் தர வேண்டும். சில மாத விடுப்பில் முடியக்கூடியதை, கேட்கத் தயங்கியதால் மூன்று வருட இடைவெளியாக்கிக்கொள்ளாதீர்கள்.

2. கிளம்பும் வாரத்திலேயே செய்த வேலையை எழுதி வையுங்கள். எந்தச் சிக்கலைத் தீர்த்தீர்கள், எப்படித் தீர்த்தீர்கள், அதனால் எத்தனை மணி நேரம் மிச்சமானது என்று உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு பக்கம் போதும். நிறுவனத்தின் கோட் ஃபைல்களையோ ஆவணங்களையோ வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், அது அவர்களுடையது. ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

3. எது முதலில் மறக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அடிப்படைக் கருத்துகள் சீக்கிரம் போவதில்லை. இரண்டு அட்டவணைகளை எஸ்.கியூ.எல்.லில் ஏன் இணைக்கிறோம் என்பது ஐந்து வருடம் கழித்தும் நினைவிருக்கும். முதலில் போவது கைப்பழக்கம்: கட்டளைகள், கிட்டில் இரண்டு கிளைகளை இணைக்கும்போது வரும் மோதலைத் தீர்ப்பது, பிழைச் செய்தியைப் பார்த்ததும் எங்கே தேடுவது என்கிற அனுமானம். வீடியோ பார்ப்பதால் இவை திரும்பி வருவதில்லை. உட்கார்ந்து எழுதி, ஓட்டி, உடைத்து, சரிசெய்தால்தான் வரும்.

4. தினமும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் உட்காரலாம் என்ற திட்டம், முதல் விருந்தாளி வந்ததும் கலைந்துவிடும். குழந்தை தூங்கும் அரைமணியோ விடியற்காலையோ, எதுவானாலும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது கணவரின் பொறுப்பு என்று பேசி வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. பிரசவத்துக்குப் பின் முதல் சில மாதங்களோ, ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணை இருக்கும் காலமோ என்றால், லேப்டாப்பை மூடி வையுங்கள். அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம்.

5. நம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு சொந்தமாக ஒரு ப்ரோக்ராம் கட்டுங்கள். என் அறிவுரைகளில் இதுதான் முக்கியமானது. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அன்று முதல் மழைக்காலம் வந்தாலே இந்தப் பகுதியில் எல்லோரும் கேட்பது செம்பரம்பாக்கம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்பதைத்தான். அந்த ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீர் இருப்பு, வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றைச் சென்னைக் குடிநீர் வாரியம் தன் இணையதளத்தில் தினமும் வெளியிடுகிறது.

இந்த எண்களைத் தினமும் எடுத்துச் சேமிக்கும் சிறு ப்ரோக்ராம் ஒன்றைப் பைத்தானில் எழுதுங்கள். முதல் மாதம் எண்களை எடுப்பது மட்டும். அடுத்து டேட்டாபேஸில் சேர்ப்பது, விட்டுப்போன நாட்களைக் கண்டுபிடிப்பது. பிறகு சென்ற ஆண்டோடு ஒப்பிட்டு வரைபடம் போடுவது. கடைசியாக, நீர்வரத்து திடீரென உயர்ந்தால் கைபேசிக்குச் செய்தி அனுப்புவது. தளத்தின் அமைப்பு ஒருநாள் மாறும், உங்கள் ப்ரோக்ராம் நின்றுபோகும். அதைச் சரிசெய்யும் அந்த அரைமணியில்தான் வேலையில் இருந்த நாட்களின் கூர்மை திரும்பும். இதற்குப் பழைய லேப்டாப்பே போதும். லினக்ஸ், பைத்தான், போஸ்ட்கிரெஸ், கிட் எல்லாமே இலவசம்.

6. ஆறு மாதத்துக்கு ஒரு பாடம் போதும். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். வாரந்தோறும் வரும் பயிற்சிக் கணக்குகளைச் செய்யாமல் பாடம் மட்டும் கேட்பது நேர விரயம். தமிழில் கேட்டால் சுலபமாகப் புரியும் என்பவர்களுக்கு ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் இருக்கிறது. வாசிக்கக் கணியம் மின்னிதழ் இருக்கிறது.

7. புதியவற்றைத் துரத்தாமல், உங்கள் கருவியில் வந்த மாற்றங்களைக் கவனியுங்கள். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. அந்தச் சமயத்தில் ஓய்வில் இருந்தவர் திரும்பியபோது அவருடைய பழைய கோட் பல இடங்களில் ஓடியிருக்காது. ஜாவாவில் 2017க்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். 11, 17, 21 போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை மட்டும் நிறுவிப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் பழகுங்கள். ஆனால் முதலில் நீங்களே எழுதிவிட்டு, பிறகு அது தருவதோடு ஒப்பிடுங்கள். அது தப்புச் செய்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் இனி மதிப்பு.

8. ஆட்களை விட்டுவிடாதீர்கள். பழைய குழுவில் ஒருவரிடமாவது மாதம் ஒருமுறை பேசுங்கள். அவர்கள் இப்போது என்ன கருவியில் வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை இருந்தால் வாரம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பிள்ளை கேட்கும் ‘ஏன்?’ உங்களையே திரும்பப் படிக்க வைக்கும்.

9. இடைவெளியை மறைக்காதீர்கள். ‘குழந்தை வளர்ப்புக்காக மூன்றாண்டு இடைவெளி’ என்று பயோடேட்டாவில் நேராகவே எழுதுங்கள். அதன் கீழேயே அந்த ஏரி ப்ரோக்ராமைக் காட்டுங்கள். இடைவெளிக்குப் பின் திரும்பும் பெண்களுக்கென்றே டாடா குழுமம் 2008இல் ஒரு திட்டம் தொடங்கியது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் பெண் விஞ்ஞானிகளுக்கு உதவித்தொகை வைத்திருக்கிறது. எனவே நீங்கள் யாரும் கேள்விப்படாத வகை ஆள் இல்லை. விண்ணப்பிக்க மூன்று மாதம் இருக்கும்போதே நேர்முகத் தேர்வுக் கேள்விகளைத் தோழியிடம் சொல்லி ஒத்திகை பாருங்கள். சம்பளம் பேசும்போது இடைவெளிக்கு முந்தைய அனுபவத்தையும் சேர்த்தே பேசுங்கள். அது நீங்கள் உழைத்துச் சேர்த்தது, அதைக் குறைத்துச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.