சாக்டா வில்லும் நம்ம பெண்டிங் ஈக்வேஷனும்

எஸ்.ஓ.எம். பேப்பர்ல பெண்டிங் ஈக்வேஷனை மனப்பாடம் பண்ணி எழுதி பாஸ் ஆன கூட்டத்துல நானும் உண்டு. அது என்ன சொல்லுதுன்னு உண்மையிலேயே புரிஞ்சது, சாக்டா மக்களோட வில்லைப் பத்திப் படிச்சப்போதான்.

சாக்டா மக்கள் அமெரிக்காவின் தென்கிழக்கில், இன்றைய மிசிசிப்பி மாநிலப் பகுதியில் வாழ்ந்த பூர்வகுடிகள். அவங்க வில் ஒரே மரத்துண்டுல செஞ்சது. எப்படின்னு படிப்படியா பார்ப்போம்.

1. மரம். ஹிக்கரி மாதிரி உறுதியான மரம், நேரா, கணு இல்லாம இருக்கணும். அடிமரத்தை ஆப்பு வெச்சுப் பிளக்கணும். அறுத்தா வெட்டு நார்களுக்குக் குறுக்கே போயிடும். பிளந்தா நார் போற வழியிலேயே போகும்.

2. முதுகு. நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்பக்கம் இழுவிசையிலும், நம்மைப் பார்க்கிற உள்பக்கம் அமுக்கவிசையிலும் இருக்கும். நம்ம பீம் கதையேதான்! வெளிப்பக்கத்துல ஒரு நார் அறுந்தாக்கூட விரிசல் அங்கேயே ஆரம்பிக்கும். அதனால ஹிக்கரியில் பட்டையை மட்டும் உரிச்சிட்டு, அதுக்கு அடியில இருக்கிற வளையத்தை அப்படியே முதுகா விட்டுடலாம்.

3. உலர்த்தல். மரத்துல ஈரம் இருந்தா, வளைச்ச வில் நிமிராம அப்படியே நின்னுடும். பொறுமையா காயவிடணும்.

4. சுரண்டல். உள்பக்கத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா சுரண்டி, வளைச்சுப் பார்த்து, மறுபடி சுரண்டணும். ரெண்டு கையும் ஒரே சீரா வளையணும். விறைப்பு தடிமனோட கனத்துக்கு, அதாவது மூன்றாம் அடுக்குக்கு, நேர் விகிதம். தடிமன்ல 10 சதவீதம் போனா விறைப்புல சுமார் 27 சதவீதம் போயிடும். இங்கே கன்ட்ரோல் இசட் கிடையாது!

இந்த ஃபார்முலா எதுவும் எழுதி வைக்காமலே, கண்ணும் கையும் வெச்சே அவங்க இதைச் சரியா செஞ்சாங்க. கடைசியில் மான் தோலையோ தசைநாரையோ முறுக்கி நாண் கட்டினா வில் ரெடி. அம்புக்கு ஆற்றோர நாணல்.

அப்புறம் வியாபாரிகள் வழியா துப்பாக்கி வந்துச்சு. சாக்டா மொழியில் இன்னைக்கு 'தனாம்போ'ன்னா துப்பாக்கி. வில்லுக்குப் பேரு 'இத்தி தனாம்போ', அதாவது மரத் துப்பாக்கி! புதுசா வந்தவன் பேரை வெச்சுத்தான் பழசையே கூப்பிட வேண்டியதாச்சு.

1830-ல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரும்பாலான சாக்டா மக்களை அரசு இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்துச்சு. வழியில பல பேர் இறந்தாங்க. பழகின காடும் கைவிட்டுப் போச்சு. ஆனா புது இடத்தின் தெற்கு எல்லையான ரெட் நதிப் பக்கம்தான் ஓசேஜ் ஆரஞ்சு மரத்தின் பூர்வீகம். பிரெஞ்சுக்காரங்க அதுக்கு வெச்ச பேரே 'வில் மரம்'. அதுல வெளியே இருக்கிற வெள்ளை மரத்தை எடுத்துட்டு, உள்ளே மஞ்சள் வைரத்துல ஒரே ஒரு வளையத்தைப் பிடிச்சுக்கிட்டே நுனி வரைக்கும் போகணும்.

மரம் மாறலாம். ஆனா முதுகுல நார் அறுபடக் கூடாதுங்கிற விதி மாறாது. அந்த விதி புத்தகத்துல இல்லாம கையிலேயே இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாம போனா அதுவும் போயிடும். அதனாலதான் இன்னைக்கும் ஒரு சாக்டா கைவினைஞர் மரத்தைப் பிளந்து, சுரண்டி, வில் செய்யறது வெறும் பொழுதுபோக்கு இல்லை.

அடுத்த தடவை பீம் கணக்கு போடும்போது, ஒரு வில்லை மனசுல வளைச்சுப் பாருங்க. எனக்குப் புரிஞ்சது, உங்களுக்கும் புரியும்.