பறந்து சென்ற பூச்சி

2011ஆம் ஆண்டு மே மாதம், குவெக் ஹொக் பிங் என்னும் மலேசியர் சிலாங்கூர் காட்டுப் பகுதியில் பச்சை நிறப் பூச்சி ஒன்றைக் கண்டார். பூச்சிகளைப் படமெடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. அப்பூச்சியின் மெல்லிய இறக்கைகளில் கருநிற வலைக்கோடுகளும் நீலப் புள்ளிகளும் இருந்தன. அவர் படமெடுத்து முடித்ததும் அது பறந்து சென்றுவிட்டது. பின்னர், அப்படத்தை அவர் ஃபிளிக்கர் எனும் இணையத்தளத்தில் பதிவேற்றினார்.

கலிபோர்னியாவில் பணியாற்றிய பூச்சியியல் ஆய்வாளர் ஷான் வின்டர்டன் அதைத் தற்செயலாகக் கண்டார். அது கண்ணாடி இறக்கைப் பூச்சி வகையைச் சேர்ந்தது என்பதை அறிந்துகொண்டார். ஆனால், எந்த இனம் என்று அவரால் கூற முடியவில்லை. சக ஆய்வாளர்களைக் கேட்டார். அவர்களும் அதைக் கண்டதில்லை. உடனே, "பூச்சி உங்களிடம் உள்ளதா?" எனக் குவெக்கிடம் மின்னஞ்சல்வழி வினவினார். இல்லை என்பதே பதில்.

புதிய இனம் என உறுதிப்படுத்தப் பூச்சியை நேரில் ஆராய வேண்டும். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், அதே இடத்திற்குச் சென்ற குவெக்கிற்கு அப்பூச்சி மீண்டும் கிடைத்தது. அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்கு அனுப்பப்பட்டது. அங்கு ஸ்டீபன் புரூக்ஸ் அதைப் புதிய இனம் என உறுதிப்படுத்தினார். அதோடு, அதே இனப் பூச்சி ஒன்று அருங்காட்சியகத்திலேயே நெடுங்காலம் பெயரின்றி இருந்ததையும் அவர் கண்டறிந்தார்! மூவரும் மூன்று நாடுகளில் இருந்தபடி, கூகுள் டாக்ஸ் வழியாக ஒரே கட்டுரையை எழுதினர். 2012இல் வெளிவந்த அக்கட்டுரை, பூச்சிக்குச் 'செமாகிரைசா ஜேட்' எனப் பெயர் சூட்டியது.

இன்று இத்தகைய பகிர்வு இன்னும் எளிதாகிவிட்டது. 2008இல் இணையத்தளமாகத் தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிஸ்ட்டின் செயலியில் படத்தைப் பதிவேற்றினால், கணினி நிரல் அதன் தோற்றத்தை ஆராய்ந்து இனத்தின் பெயரைப் பரிந்துரைக்கும். நிரலும் தவறு செய்யக்கூடும் என்பதால், பிற பயனர்கள் படத்தைப் பார்த்துச் சரிபார்க்கின்றனர். நாள், இடம் ஆகிய விவரங்கள் இருந்தால்தான் பதிவு ஆய்வுக்குப் பயன்படும்.

எனினும், எல்லாவற்றையும் எல்லாருக்கும் அறிவிப்பது நன்றன்று. அரிய விலங்கு வாழும் இடம் வெளிப்பட்டால், வேட்டையாடுவோரும் அங்கே வந்துவிடுவர். ஆகவே, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் துல்லியமான இடத்தை இச்செயலி மறைத்து வைக்கிறது.

குவெக் தம் படத்தைக் கணினியிலேயே வைத்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? லண்டனில் இருந்த பூச்சி இன்றும் பெயரின்றியே கிடந்திருக்கலாம். ஜொகூர் மாநிலத்தின் தம்போயில், வீட்டு வேலியோரச் செடியிலும் பள்ளித் தோட்டத்திலும் பூச்சிகள் வந்து அமர்கின்றன. மாணவர் பலரின் கையில் திறன்பேசியும் உள்ளது. இனி வேண்டியது, சற்று நின்று உற்றுநோக்கும் கண்களே.