மூலிகை வயலில் இரண்டாம் நடவு ஏன் தோற்கிறது: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சீனாவின் ஹெனான் மாநிலத்தில், மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே ஜியாவ்ட்சுவோ நகரைச் சுற்றியுள்ள சமவெளி ரெமானியா கிழங்குக்குப் பெயர்போனது. சீன மருத்துவத்தில் இந்தக் கிழங்கு இடம்பெறாத மருந்துப் பட்டியல் அரிது. புதிய நிலத்தில் நட்டால் வேர் பருத்துத் திரளும். கிழங்கைத் தோண்டி எடுத்த அதே நிலத்தில் அடுத்த ஆண்டும் நட்டால் தழை ஓரளவு எழும்பும். மண்ணுக்குள் நார்வேர்கள் மட்டுமே இருக்கும், கிழங்கு இறங்காது. அதனால் அந்த நிலத்தில் மீண்டும் ரெமானியா நட எட்டு ஆண்டுகளாவது காத்திருப்பது அங்குள்ள வழக்கம். யுன்னான் மாநிலத்தின் வென்ஷானில் விளையும் சான்சி, கொரியாவின் ஜின்செங், கனடாவின் ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் விஸ்கான்சினிலும் பயிராகும் அமெரிக்க ஜின்செங் ஆகிய மூன்று சகோதரப் பயிர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. வேளாண் அறிவியலில் இது மறுநடவுச் சிக்கல் எனப்படுகிறது. இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் சில முழுத் தவறு. சில பாதி உண்மை. முழுத் தவறைத் திருத்துவது எளிது, பாதி உண்மைதான் அதிகம் செலவு வைக்கிறது.

“மண்ணில் சத்து தீர்ந்துவிட்டது”

முதலில் எழும் சந்தேகம் இதுதான். சத்துக்குறையே காரணமென்றால் உரமிட்டதும் பயிர் தேற வேண்டும்; ரெமானியாவும் சான்சியும் தேறுவதில்லை. ஒரு பயிருக்குத் தீர்ந்துபோன மண் மற்ற பயிர்களுக்கும் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் கிழங்கு இறங்காத அதே வயலில் மக்காச்சோளம் செழித்து வளரும். மூலிகைக்கு விலை அதிகம் என்பதால் விவசாயிகள் உரத்தில் கை சுருக்குவதும் இல்லை. ஆகவே பழைய மூலிகை வயலில் பாஸ்பரசும் பொட்டாஷும் பெரும்பாலும் தேவைக்கு மேலேயே தேங்கியிருக்கும். நிழல்கூரையின் கீழ் மழை நேராக இறங்காத பாத்திகளில் கரையும் உப்புகளும் சேர்ந்துகொள்கின்றன. உப்பு கூடினால் ஈரம் இருந்தும் வேரால் நீரை இழுக்க முடியாமல் போகும்.

ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப இடுவது மட்டுமே மண்ணை அழித்துவிடும் என்பதற்கு எதிர்ச்சான்று இங்கிலாந்தில் இருக்கிறது. ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் பிராட்பாக் வயலில் 1843 முதல் கோதுமை விளைவிக்கப்படுகிறது. அதன் சில பகுதிகள் இன்றும் பெரும்பாலும் கோதுமைக்கே விடப்பட்டுள்ளன, விளைச்சல் நின்றுபோகவில்லை. தொடர்ந்து கோதுமை இடும் நிலங்களில் முதல் சில ஆண்டுகள் வேரழுகல் நோய் ஏறும். பிறகு அந்தப் பூஞ்சையை அடக்கும் பாக்டீரியாக்கள் பெருகி நோய் தானாகத் தணியும். ஜின்செங் வயலில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே காலம் போகப் போக நோய்க்கிருமியின் கைதான் ஓங்குகிறது.

“மண் புளித்துப்போனது, சுண்ணாம்பு இட்டால் சரியாகும்”

இதன் முற்பாதி பெரும்பாலும் சரி. யூரியாவோ அம்மோனியம் சல்பேட்டோ இடும்போது மண்ணின் பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மோனியம் சல்பேட்டில் உள்ள ஒவ்வொரு அம்மோனிய அயனியும் நைட்ரேட் ஆகும்போது இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை விட்டுச்செல்கிறது. அந்த நைட்ரேட்டைப் பயிர் உறிஞ்சிக்கொண்டால் அமிலத்தின் ஒரு பகுதி சமன்படும். உரம் மிகுந்து நைட்ரேட் நீரோடு கீழே இறங்கினால், போகும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கூட்டிக்கொண்டு போகும். அமிலம் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அறுவடையில் வேரோடு சேர்த்து வெளியேறும் காரச் சத்துகளும் இந்த இழப்பைக் கூட்டுகின்றன.

அமில அளவைக் குறிக்கும் பிஎச் என்ற எண் ஏமாற்றக்கூடியது. 6 என்பது 5 ஆகும்போது ஒரு படி இறங்கியதாகத் தோன்றும். உண்மையில் அமிலம் பத்து மடங்கு கூடியிருக்கும், 4 ஆனால் நூறு மடங்கு. ரோத்தம்ஸ்டெட்டில் 1856-இல் தொடங்கிய புல்வெளிச் சோதனையில், சுண்ணாம்பு இல்லாமல் அம்மோனியம் சல்பேட் மட்டும் அதிகமாகப் பெற்றுவந்த துண்டுகளின் பிஎச் 4-க்கும் கீழே போனது. சீனப் பயிர்நிலங்களின் 1980-களின் அளவீடுகளை 2000-களின் அளவீடுகளோடு ஒப்பிட்டு 2010-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு, முக்கிய மண்வகைகளில் பிஎச் 0.13 முதல் 0.80 வரை குறைந்திருப்பதாகவும் மிகையான தழைச்சத்து உரமே முதன்மைக் காரணம் என்றும் கண்டது.

பிஎச் சுமார் 5.5-க்குக் கீழே இறங்கியதும் களிமண்ணில் சும்மா கிடந்த அலுமினியம் கரைந்து எழுகிறது. கரைந்த அலுமினியம் வேர்நுனியின் நீட்சியைச் சில மணி நேரத்துக்குள் தடுத்துவிடும். அதே அலுமினியமும் இரும்பும் பாஸ்பரசைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மண்ணில் கொட்டிக்கிடக்கும் உரம் வேருக்கு எட்டாது. காட்மியமும் இளகிப் பயிருக்குள் ஏறுகிறது. சாதாரணப் பயிரைவிட மூலிகைக்கு இது பெரிய தொல்லை. மருந்து வேரில் எவ்வளவு காட்மியம், ஈயம், ஆர்சனிக் இருக்கலாம் என்று மருந்துநூல்கள் வரம்பு விதித்திருக்கின்றன. இந்திய ஆயுர்வேத மருந்துநூலின் காட்மிய வரம்பு ஒரு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். விளைச்சல் நன்றாக இருந்தும் சரக்கு திருப்பி அனுப்பப்படுவது உண்டு.

நம்பிக்கையின் பிற்பாதிதான் தடுமாறுகிறது. சுண்ணாம்பு அலுமினியத்தை அடக்கும். ஃபியூசேரியம் வாடல் நோய் அமில மண்ணில் கொழிப்பதால், தக்காளி போன்ற பயிர்களில் பிஎச்சை 6.5-க்கு மேல் உயர்த்தி அந்த நோயைக் குறைத்ததும் உண்டு. ஆனால் கோதுமையின் வேரழுகல் சுண்ணாம்பு இட்டால் கூடும். உருளைக்கிழங்கின் சொறிநோயும் அப்படியே. எந்தக் கிருமி என்று தெரியாமல் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிப்பது பாதிக் கிணறு தாண்டுவதுதான். அளவும் மண்ணைப் பொறுத்தது. ஒரே பிஎச் காட்டும் மணல்மண்ணுக்கும் களிமண்ணுக்கும் தேவைப்படும் சுண்ணாம்பு பல மடங்கு வேறுபடும். மிஞ்சினால் இரும்பும் துத்தநாகமும் மாங்கனீசும் வேருக்குக் கிடைக்காமல் இலை வெளுக்கும். ஜின்செங் இலேசான அமில மண்ணை விரும்பும் பயிர். அமெரிக்கக் காடுகளில் அது தானாக வளரும் இடங்களில், அமிலமும் கால்சியமும் ஒரே மண்ணில் மிகுந்திருப்பது அடிக்கடி காணப்படுகிறது. கால்சியம் வேண்டும், பிஎச் ஏறக்கூடாது என்ற நிலையில் ஜிப்சம் உதவும், சுண்ணாம்பு உதவாது.

“செடி தன் நஞ்சால் தானே சாகிறது”

வேர்கள் கழிவை வெளியேற்றுகின்றன, அது அதே இனத்துக்குத் தீங்கு என்ற கருத்தை சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் டி காண்டோல் 1832-லேயே எழுதினார். ஒரு தாவரத்தின் வேதிப்பொருள் மற்றொன்றைப் பாதிப்பதற்கு அலெலோபதி என்ற பெயரை 1937-இல் ஹான்ஸ் மோலிஷ் சூட்டினார். ரெமானியா, ஜின்செங் வேர் மண்ணிலிருந்து ஃபெருலிக், வெனிலிக், கூமாரிக் அமிலங்கள் போன்ற ஃபீனாலிக் அமிலங்கள் பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. கண்ணாடித் தட்டில் அவற்றை ஊற்றினால் நாற்று வாடுகிறது. பலர் இந்த இடத்திலேயே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

சோதனைக்கூடத்தில் ஊற்றும் செறிவு வயல்மண்ணில் பொதுவாக இருப்பதில்லை. இந்த அமிலங்கள் களிமண்ணில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டாதவற்றை நுண்ணுயிர்கள் சில நாட்களில் தின்று தீர்க்கின்றன. அப்படித் தின்று பெருகுபவை எவை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஜின்செங்கின் மருந்துச் சத்தான ஜின்செனோசைடுகள் வேரிலிருந்து மண்ணில் கசிகின்றன. கனடாவில் நடந்த சோதனைகளில் இந்தச் சத்து, நன்மை செய்யும் ட்ரைக்கோடெர்மா பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுத்தது. வேரை அழுகவைக்கும் பித்தியத்தின் வளர்ச்சியையோ தூண்டியது. மனிதர் விலைகொடுத்து வாங்கும் பொருளே செடியின் எதிரிக்குத் தீனி ஆகிறது. ஆகவே நஞ்சு என்ற சொல் பெரும்பாலும் பிழையான இடத்தைச் சுட்டுகிறது. வேர்க்கசிவு செடியை நேராகக் கொல்வது குறைவு. மண்ணில் யார் குடியிருப்பது என்பதை மாற்றி அதன் வழியே கொல்வதே அதிகம். அமிலம் கூடும்போது பாக்டீரியாக்கள் தளர்ந்து பூஞ்சைகளுக்கு வழிவிடுவதால், மேலே சொன்ன அமிலக் கதையும் இதே இடத்தில் வந்து சேர்கிறது.

“எத்தனை ஆண்டு சும்மா விட்டோம் என்பதே கணக்கு”

ஃபியூசேரியமும் ஜின்செங்கின் வேரழுகல் பூஞ்சையும் தடித்த சுவருள்ள உறங்கும் வித்துகளாக மண்ணில் நெடுங்காலம் கிடக்கக்கூடியவை. வயலைத் தரிசாக விட்டால் அவை பொறுமையாகக் காத்திருக்கும். கொரியாவில் மேட்டு நிலத்தில் மீண்டும் ஜின்செங் நடப் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறார்கள். நெல் வயலாக மாற்றிய நிலத்தில் சில ஆண்டுகளே போதும். அங்கே ஓய்வின் நீளத்தைவிட நின்ற தண்ணீர்தான் வேலை செய்கிறது.

தேங்கிய நீரில் உயிர்வளி தீர்ந்ததும் மண்ணின் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையும் பிறகு இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளையும் கொண்டு சுவாசிக்கத் தொடங்குகின்றன. இந்த வினைகள் ஹைட்ரஜன் அயனிகளைச் செலவழிப்பதால் அமில மண்ணின் பிஎச் தானாக ஏறுகிறது. தேங்கிய நைட்ரேட் வாயுவாகி வெளியேறுகிறது. தவிடு போல எளிதில் மட்கும் பொருளை முன்பே கலந்து, நீர் பாய்ச்சி, பிளாஸ்டிக் தாளால் சில வாரம் மூடிவைத்தால் அசெட்டிக், பியூட்டிரிக் அமிலங்கள் உருவாகிப் பூஞ்சை வித்துகளைக் கொல்கின்றன. ஜப்பானிலும் நெதர்லாந்திலும் 2000-ஐ ஒட்டி வளர்ந்த இந்த முறை இப்போது சான்சி வயல்களிலும் முயலப்படுகிறது. மெத்தில் புரோமைடு புகையூட்டல் மான்ட்ரியல் உடன்படிக்கையால் வளர்ந்த நாடுகளில் 2005-லும் வளரும் நாடுகளில் 2015-லும் முடிவுக்கு வந்ததும் இந்த முறையின்மீது கவனம் திரும்ப ஒரு காரணம். இதற்கும் ஒரு குறை உண்டு. இரும்பு ஆக்சைடு கரையும்போது அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் விடுபடும். வென்ஷான் போல ஆர்சனிக் உள்ள பகுதிகளில் நீரை வடித்து, மண்ணை நன்றாகக் காயவிட்ட பிறகே நட வேண்டியிருக்கிறது.

“தொழு உரமும் அவரைக் குடும்பமும் எதையும் தேற்றும்”

மட்கிய தொழு உரம் மண்ணின் அமிலத் தாங்குதிறனைக் கூட்டும். கரைந்த அலுமினியத்தையும் ஓரளவு கட்டிவைக்கும். பச்சைக் கோழி எரு அதே நன்மையோடு உப்பையும் பாஸ்பரசையும், தீவனத்தைப் பொறுத்துத் தாமிரம் துத்தநாகத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. ஏற்கெனவே உப்பு தேங்கிய பாத்திக்கு அது மருந்தல்ல.

அவரைக் குடும்பம் பற்றிய நம்பிக்கையில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு பிழை இருக்கிறது. திருநெல்வேலி சென்னா என்று உலகச் சந்தையில் விலைபோகும் நிலாவாரை, காய் முதல் பூ வரை அவரைக் குடும்பத்தின் அடையாளங்களைக் கொண்டது. அதனால் தழைச்சத்தைத் தானே ஈட்டிக்கொள்ளும், அடுத்த பயிருக்கும் விட்டுச்செல்லும் என்று எண்ணப்படுகிறது. சென்னா பேரினச் செடிகள் வேரில் ரைசோபியம் முடிச்சு உண்டாக்குவதில்லை, ஆவாரையும் அப்படியே. பச்சைப்பயறு, தட்டைப்பயறு செய்வதை நிலாவாரையிடம் எதிர்பார்க்க முடியாது.

சேலம் பக்கம் பயிராகும் மருந்துக்கூர்க்கனில் தொல்லை பெரும்பாலும் வேர்முடிச்சு நூற்புழு வடிவில் வருகிறது. நூற்புழு துளைத்த வேரில் வாடல் பூஞ்சை எளிதாக நுழையும். அங்கே எருவைக் கூட்டுவதைவிட இடையே செண்டுமல்லி நடுவது பயன் தருகிறது. அதன் வேரில் உள்ள டெர்தையெனில் என்ற கந்தகச் சேர்மம் நூற்புழுவைக் கொல்லக்கூடியது.

“எல்லா மூலிகைக்கும் இதே கதிதான்”

ரெமானியா தோற்கும் அதே ஹெனான் சமவெளியில் நியூஷி என்ற மூலிகையும் விளைகிறது; நம் வரப்புகளில் துணியில் ஒட்டிக்கொள்ளும் நாயுருவிக்கு நெருங்கிய உறவு. இரண்டும் அந்த வட்டாரத்தின் புகழ்பெற்ற நான்கு மருந்துகளில் அடங்கும். நியூஷியை ஒரே நிலத்தில் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து இடுகிறார்கள்; வேர் மெலிவதில்லை, சில இடங்களில் முன்னைவிடத் தடிக்கிறது. மண்ணும் தண்ணீரும் ஒன்றாக இருக்க, வேரைச் சுற்றிச் சேரும் நுண்ணுயிர்கள் மட்டும் வேறு. மறுநடவு ஆய்வாளர்களுக்கு இதைவிடத் துல்லியமான ஒப்பீடு கிடைப்பது கடினம்.

“வளமான மண்ணில் வீரியமான மருந்து”

தழைச்சத்து கூடினால் இலையும் எடையும் கூடும்; சபோனின், ஃபீனால் போன்ற சத்துகளின் செறிவு பல மூலிகைகளில் குறையும். நித்தியகல்யாணி போல ஆல்கலாய்டு தரும் செடிகளில் அந்த மூலக்கூறிலேயே நைட்ரஜன் இருப்பதால் கணக்கு வேறு; அங்கே தழைச்சத்து ஆல்கலாய்டு விளைச்சலையும் உயர்த்தக்கூடும். இரண்டுக்கும் பொதுவாக ஓர் உரப் பரிந்துரை சொல்ல முடியாது.

“மண் பரிசோதனை அட்டை போதும்”

அட்டையில் பிஎச், மின்கடத்துதிறன், கரிமம், பேரூட்டச்சத்துகள் ஆகியவற்றின் எண்கள் இருக்கும். அமிலமா, உப்பா என்ற கேள்விக்கு அவை நேரான பதில். கிருமியா, வேர்க்கசிவா என்பதற்கு அவற்றில் விடை இல்லை. அதற்கு மூன்று தொட்டிகள் போதும். ஒன்றில் பழைய வயல்மண், இரண்டாவதில் அதே மண்ணை ஆவியில் வேகவைத்தது, மூன்றாவதில் அதே மண்ணை வேகவைக்காமல் செயலூட்டிய கரித்தூள் கலந்தது. மூன்றிலும் ஒரே நாற்று. இரண்டாவது மட்டும் தேறினால் நோய்க்கிருமி முதல் சந்தேகம். மூன்றாவதும் தேறினால் கரி உறிஞ்சிக்கொண்ட வேர்க்கசிவுக்கும் பங்கு உண்டு. மூன்றும் ஒன்றுபோல வாடினால் அட்டையின் எண்களுக்கே திரும்ப வேண்டும். மண்ணை வேகவைத்ததும் அம்மோனியமும் மாங்கனீசும் திடீரென விடுபடும். இரண்டு மூன்று வாரம் ஆறவிடாமல் நட்டால் அந்தத் தொட்டி நாற்று வேறு காரணத்தால் வாடி, முடிவைத் தலைகீழாக்கிவிடும்.