பழைய காரில் ஆயில் ஒழுகுதா? ஒர்க்‌ஷாப் போகும் முன்னே இதைப் பாருங்க

நாங்குநேரியில் எண்ணெய் சேர வேண்டிய இடம் வானமாமலைப் பெருமாள் கோயில் எண்ணெய்க் கிணறு. நம்ம வீட்டு போர்டிகோவில் சேர ஆரம்பித்தால் உடனே கவனிக்கணும். 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்றுபோன மாருதி 800 இன்னும் நம்ம பக்கம் நல்லா ஓடிட்டுத்தான் இருக்கு. ‘இன்ஜினை இறக்கணும்’னு யாராவது சொல்லும் முன்னே, சின்னச் செலவில் வீட்டிலேயே முடிகிற வேலையா இருக்குமான்னு பார்த்துடுவோம்.

1. ராத்திரி காரை நிறுத்தும்போது இன்ஜினுக்குக் கீழே பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வைங்க. காலையில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ பிசுபிசுன்னு சொட்டியிருந்தால் இன்ஜின் ஆயில். பச்சை, சிவப்பு நிறத் தண்ணீர் என்றால் கூலன்ட். ஏ.சி. போட்டு வந்த நாளில் வெறும் தண்ணீர் சொட்டினால் கவலையே வேண்டாம்.

2. சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் கசிவு இருக்கும்னு நம்பிடாதீங்க. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், நின்றதும் அது கீழே வழியும். ஈரமா இருக்கிற இடங்களில் எது எல்லாத்துக்கும் மேலே, முன்னே இருக்கோ, அங்கிருந்து தேட ஆரம்பிங்க.

3. இன்ஜின் நல்லா ஆறினதும் டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் மேல் பிளாஸ்டிக் கவர் கட்டிட்டு, டீசல் தொட்ட பழைய டூத்பிரஷால் அழுக்கைத் தேய்ங்க. சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்தபிறகு, பெல்ட்டில் படாமல் சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவுங்க. கவரைக் கழற்றிட்டு நாற்கரச் சாலையில் மூன்றடைப்பு வரை போய்வந்து பானெட்டைத் திறந்தால், வெள்ளைப் பவுடரில் பழுப்புக் கோடு ஓடியிருக்கும். பத்து ரூபாய் பவுடர் டப்பாவுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

4. பழைய காரில் முதல் சந்தேகம் டேப்பட் கவர் பேக்கிங் மேல்தான். கவர் போல்ட் லூஸா இருந்தால் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா, சமமா முடுக்கிப் பாருங்க. ஒரே போல்ட்டை இறுக்கினால் கவர் நெளிந்து ஒழுகல் கூடிடும். அப்படியும் நிற்கலைன்னா கவரைக் கழற்றி, பழைய பேக்கிங்கை விரலால் வளைத்துப் பாருங்க. ரப்பரா வளையாமல் அப்பளம் மாதிரி ஒடிந்தால் அதன் ஆயுசு முடிஞ்சது. வருஷத்தில் பாதி நாள் வெயில் காயும் நம்ம ஊரில் பேக்கிங் சீக்கிரமே இறுகிடும், அதனால் கழற்றின பேக்கிங்கைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

5. ஒட்டிக்கிட்டிருக்கும் பழைய பேக்கிங்கை பிளேடால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியா மறுபடி ஒழுகும். காலாவதியான ஏ.டி.எம். கார்டு இந்த வேலைக்குக் கச்சிதம்.

6. அனபாண்ட் பசை டியூபைக் கண்டதும் தாராளமாப் பிதுக்காதீங்க. மூலைகளில் மட்டும் மெல்லிசா ஒரு கோடு போதும். அதிகமானது உள்ளே உதிர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைச்சிடும். டியூபில் போட்டிருக்கும் நேரம் வரை காயவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்யணும்.

7. ஆயில் மாற்றும்போதெல்லாம் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்க. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லைன்னா, இருப்பது செம்பு வாஷராக இருந்தால், அதை இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் சிவக்கச் சுட்டு ஆறவிடுங்க. இளகி மறுபடி நல்லா உட்காரும். அலுமினிய வாஷரில் இதைச் செய்யாதீங்க, உருகிடும்.

8. புது ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு ஆயில் தடவி, கையாலேயே முடுக்கணும். பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கிட்டு நிற்குதான்னு முதலில் விரல் விட்டுப் பாருங்க. வளையம் இரண்டாகிட்டால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் கொட்டும்.

9. ஒற்றை வயர் போகும் ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சை எல்லாரும் மறந்துடுறாங்க. வயரின் முனை ஆயிலில் நனைந்திருந்தால் அதுதான் கசியுது. விலை கம்மி, ஒரு ஸ்பேனர் போதும்.

10. ஒரே சமயத்தில் நாலு இடத்தில் ஒழுகினால் பேக்கிங் வாங்க ஓடாதீங்க. முதலில் டேப்பட் கவரிலிருந்து போகும் பிரீதர் ஹோஸைக் கழற்றி ஊதிப் பாருங்க. அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயில் பிதுங்கும். ஹோஸ் சுத்தமா இருந்தும், நின்ற வண்டியில் இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கையில் புகை குபுகுபுன்னு வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

11. கருகின வாசனையோடு பானெட்டிலிருந்து புகை வந்தால் ஆயில் சைலன்சர் குழாய் மேல் சொட்டுதுன்னு அர்த்தம். இது தீப்பிடிக்கிற விஷயம், சரி பண்ணும் வரை வண்டியை எடுக்காதீங்க.

12. கிராங்க் பின்பக்க ஆயில் சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்கணும். கொஞ்சமா கசிந்தால் அளவு பார்த்து ஊற்றி ஓட்டிட்டு, கிளட்ச் பிளேட் மாற்றும்போது சேர்த்து மாற்றிடுங்க. ஒரு கூலியில் இரண்டு வேலை. டைமிங் பெல்ட் பக்கத்து சீலை மட்டும் தள்ளிப்போடாதீங்க, ஆயில் பட்ட பெல்ட் கெட்டுப்போகும். பழைய 1489 சி.சி. அம்பாசடரில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது, ஆயிலை உள்ளே திருப்பிவிடும் திருகுப் பள்ளம்தான். அங்கே ஒன்றிரண்டு சொட்டு சகஜம்.

13. காருக்கு அடியில் போகணும்னா வெறும் ஜாக்கியையோ செங்கலையோ நம்பவே கூடாது. ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுத்து, ஸ்டெப்னியையும் பக்கத்தில் படுக்கப் போடுங்க.

14. ஆயில் அளவை காலையில், சமதரையில், வண்டி எடுக்கும் முன் பாருங்க. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கசிவைக் கூட்டும்.

15. தரையில் சிந்தினதை உமி தூவி ஒரு ராத்திரி விட்டுப் பெருக்கிட்டு, சோப்புத்தூள் போட்டுத் தேய்ங்க. கழிவு ஆயிலை வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றாதீங்க; மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துடுங்க.