நீச்சல் குளத்துத் தண்ணீர் எங்கே போகும்?

அன்புள்ள பேத்திக்கு,

'தண்டர்பேர்ட்ஸ்' தொடரைப் பார்த்து முடித்த கையோடு நீ எழுதிய கேள்விகள் வந்து சேர்ந்தன. ராக்கெட் கிளம்புவதற்காக நீச்சல் குளமே தண்ணீரோடு நகர்கிறதே, தளும்பும் தண்ணீர் எங்கே போகும்? அந்த ரகசியத் தீவைக் கட்டிக் கொடுத்தவர்கள் வெளியே மூச்சு விடாமலா இருப்பார்கள்? விண்வெளி நிலையத்தில் தனியாகக் கிடக்கும் ஜானுக்குக் கழிப்பறை எங்கே? அனுமதி கேட்காமல் அடுத்த நாட்டில் விமானத்தை இறக்க முடியுமா? இத்தனைக்கும் பணம் யார் போடுகிறார்கள்? 'கதையில் போய்க் கேள்வி கேட்காதே' என்று உன் அண்ணன் சொன்னதாகவும் எழுதியிருந்தாய்.

அண்ணன் சொன்னது பாதிதான் சரி. இந்தக் கேள்விகளில் சிலவற்றுக்கு விடை படப்பிடிப்புத் தளத்தில் இருக்கிறது. மற்றவற்றுக்கு உண்மையான மீட்புக் களத்தில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் தேடிப் பார்த்தால், தொடரை ரசிப்பது குறையாது, கூடும்.

முதலில், இந்தத் தொடரே ஒரு நடைமுறைச் சிக்கலிலிருந்து பிறந்தது. 1963 அக்டோபர் 24 அன்று, அன்றைய மேற்கு ஜெர்மனியில் லெங்கடே என்ற ஊரின் இரும்புச் சுரங்கத்துக்குள் மேலே இருந்த கழிவுநீர்க் குளம் உடைந்து பாய்ந்தது. உள்ளே இருந்தவர்கள் 129 பேர். 29 பேர் இறந்தார்கள். இனி யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று எண்ணப்பட்ட பிறகு, கைவிடப்பட்ட பழைய சுரங்கப் பகுதி ஒன்றில் சிலர் உயிரோடிருப்பது தெரிந்தது. மேலிருந்து துளை போட்டு, 11 பேரை நவம்பர் 7 அன்று, பதினான்கு நாள் கழித்து, வெளியே எடுத்தார்கள். துளையிடும் பெரிய இயந்திரம் வேறோர் ஊரிலிருந்து வந்து சேரத் தாமதமான செய்தி இங்கிலாந்தில் ஜெரி ஆண்டர்சன் காதில் விழுந்தது. இப்படிப்பட்ட கருவிகளை எல்லாம் ஓரிடத்தில் தயாராக வைத்திருந்து, உலகின் எந்த மூலைக்கும் உடனே கொண்டுபோக முடிந்தால் எப்படி இருக்கும் என்று அவர் யோசித்தார். அவரும் மனைவி சில்வியாவும் சேர்ந்து உருவாக்கிய தொடர் 1965 செப்டம்பர் 30 அன்று பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொடங்கியது. மொத்தம் 32 பகுதிகள்.

ஜெஃப் ட்ரேசி என்ற முன்னாள் விண்வெளி வீரர், அவருடைய ஐந்து மகன்கள், தென் பசிபிக்கில் ஒரு தீவு, தண்டர்பேர்ட் ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து பெரும் மீட்பு வாகனங்கள்: இதுதான் கதை. மகன்களின் பெயர்கள் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களிடமிருந்து வந்தவை: ஸ்காட் கார்ப்பென்டர், வர்ஜில் கிரிஸ்ஸம், ஆலன் ஷெப்பர்ட், கார்டன் கூப்பர், ஜான் கிளென்.

இனி படப்பிடிப்புத் தளத்து விடைகள். வீட்டுக்குள் நடந்துபோய் வண்டியில் ஏறினால் போதாதா, வர்ஜில் ஏன் சுவரிலுள்ள ஒரு படத்தில் சாய்ந்து தலைகீழாகக் கவிழ்ந்து சறுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். காரணம் எளிது. நடிப்பவர்கள் எல்லாரும் அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும் பொம்மைகள். மெல்லிய கம்பியில் தொங்கும் பொம்மையை மனிதன்போல் நடக்கவைக்க யாராலும் முடியவில்லை. அதனால் ஆட்களை நாற்காலி, சறுக்குப் பாதை, பறக்கும் வண்டி என்று எதிலாவது ஏற்றி அனுப்பினார்கள். நின்று பேசும் காட்சிகளில் இடுப்புக்கு மேல்தான் பெரும்பாலும் தெரியும். பொத்தானை அழுத்தும் கை அருகில் தெரிந்தால் அது உண்மையான மனிதக் கை.

புறப்பாடு ஏன் அவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதற்கும் விடை உண்டு. ஒவ்வொரு பகுதியும் முதலில் 25 நிமிடத்துக்குத்தான் திட்டமிடப்பட்டது. முதல் பகுதியைப் பார்த்த தயாரிப்பு முதலாளி லூ கிரேடுக்கு அது ஒரு திரைப்படம்போலவே தோன்றியது. அத்தனையையும் 50 நிமிடமாக நீட்டச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே எடுத்து முடித்தவற்றையும் இழுக்க வேண்டியதாயிற்று. பனைபோன்ற மரங்கள் இருபுறமும் சாய்வதும், பாறைக் கதவு திறப்பதும் நிதானமாக, திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். அவ்வளவு நேரம் பார்த்தால் யாருக்கும் கேள்வி வரத்தான் செய்யும்!

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். மாதிரி வடிவங்களை வைத்துப் படமெடுப்பவர்களுக்குத் தண்ணீர் ஜென்ம விரோதி. கப்பலைச் சின்னதாகச் செய்யலாம், மலையைச் சின்னதாகச் செய்யலாம், நீர்த்துளியைச் சின்னதாக்க முடியாது. சிறப்புக் காட்சிகளைக் கவனித்த டெரெக் மெடிங்ஸ், கேமராவை அதிவேகத்தில் ஓடவிட்டுப் படம் பிடித்தார். பிறகு சாதாரண வேகத்தில் திரையிட்டபோது பொம்மை வாகனத்துக்கு எடை வந்தது, அலைக்குக் கனம் வந்தது. தண்டர்பேர்ட் ஒன்று நிற்கும் கொட்டகைச் சுவரைக் கூர்ந்து பார். ஏதோ பெரிய எந்திரப் பாகம்போல ஒன்று ஒட்டியிருக்கும். அது சமையலறை எலுமிச்சைப் பிழிவான். இதே மெடிங்ஸ் பின்னால் 1978-இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தின் சிறப்புக் காட்சிகளுக்காக ஆஸ்கர் விருதில் பங்கு பெற்றார்.

எதைச் சொல்ல வேண்டும், எதை விடலாம் என்பதில் இந்தக் கதாசிரியர்களுக்கு நல்ல கணக்கு இருந்தது. முதல் பகுதியில் ஃபயர்ஃப்ளாஷ் என்ற அணுசக்தி விமானத்தின் சக்கரப் பகுதியில் வெடிகுண்டு இருக்கிறது. தரையிறங்கினால் வெடிக்கும். அப்படியானால் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கலாமே என்று நீ கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது: கதிர்வீச்சுத் தடுப்பு குறிப்பிட்ட நேரம்தான் தாங்கும். ஆபத்து எதிலிருந்து வருகிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். குளத்தை யார் கட்டினார் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை கெடாது. நீயும் கதை எழுதுகிறவள் என்பதால் இதைக் குறித்துக்கொள்.

அந்தக் காட்சிக்கு ஓர் உண்மைத் துணைக்கதை உண்டு. 2005 செப்டம்பர் 21 அன்று அமெரிக்காவில் ஜெட்புளூ நிறுவனத்தின் விமானம் ஒன்றின் முன்சக்கரம் குறுக்காகத் திரும்பிக்கொண்டது. அந்த ரக விமானத்தில் எரிபொருளை வெளியே கொட்டும் வசதி இல்லை. எனவே எடை குறையும்வரை சுமார் மூன்று மணி நேரம் வானில் வட்டமடித்து எரித்தே தீர்த்தார்கள். தங்கள் விமானத்தைப் பற்றிய செய்தியைப் பயணிகள் எதிர் இருக்கைத் திரையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் தீப்பொறி பறக்க இறங்கியது. 146 பேரில் ஒருவருக்கும் காயமில்லை.

வேகத்தைப் பற்றி நீயே ஒரு கணக்குப் போடலாம். ஸ்காட் ஓட்டும் தண்டர்பேர்ட் ஒன்றின் வேகம் மணிக்குச் சுமார் 24,000 கிலோமீட்டர் என்று தொடர் சொல்கிறது. வர்ஜில் ஓட்டும் தண்டர்பேர்ட் இரண்டின் வேகம் சுமார் 8,000. பூமியின் சுற்றளவு 40,000 என்பதால், எவ்வளவு தொலைவு என்றாலும் 20,000 கிலோமீட்டரைத் தாண்டாது. ஸ்காட் 50 நிமிடத்தில் போய்விடுவான். வர்ஜிலுக்கு இரண்டரை மணி நேரம். ஸ்காட்டின் உடம்பு தாங்குமா? புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு அழுத்தத்தில் வேகமெடுத்தால் நான்கு நிமிடத்துக்குள் அந்த வேகம் வந்துவிடும். அமெரிக்க விண்வெளி ஓடங்களும் அந்த மூன்று மடங்கைத்தான் எல்லையாக வைத்திருந்தன. ஆக, ஸ்காட் பிழைத்துக்கொள்வான். வெப்பம்தான் பிரச்சினை. மணிக்கு 2,180 கிலோமீட்டரில் பறந்த கான்கார்டின் மூக்கு 127 டிகிரி வரை சூடாகும். விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும்போது சில பகுதிகள் 1,600 டிகிரியைத் தாண்டும். தண்டர்பேர்ட் ஒன்றின் பளபளக்கும் வெள்ளிப்பூச்சு அதை எப்படித் தாங்கியது என்பதை யாரும் சொல்லவில்லை.

கழிப்பறைக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருந்தது என்று எழுதியிருந்தாய். கூசவே வேண்டாம். கேட்க வேண்டியவர்களே கேட்க மறந்த கேள்வி அது. ஆலன் ட்ரேசிக்குப் பெயர் கொடுத்த ஆலன் ஷெப்பர்ட் 1961 மே 5 அன்று விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கரானார். பயணம் கால் மணி நேரம்தான் என்பதால் நாசா எந்த ஏற்பாடும் செய்யவில்லை. ஏவுவது மணிக்கணக்கில் தள்ளிப்போயிற்று. அவர் கலத்துக்குள் கட்டுண்டு காத்திருந்தார். வேறு வழியில்லாமல் விண்வெளி உடைக்குள்ளேயே சிறுநீர் கழித்தார். இன்றைக்குச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் எல்லாவற்றையும் சுத்திகரித்து, நீரில் 98 சதவீதத்தைத் திரும்பப் பெறுகிறார்கள் என்று 2023-இல் நாசா அறிவித்தது. தொடரில் ஜானும் ஆலனும் முறைவைத்து நிலையத்தில் தங்குகிறார்கள். ஜான் ஏன் பெரும்பாலும் மேலேயே கிடக்கிறான் என்பதற்கு மட்டும் காரணம் தரையில் இருக்கிறது: ஜெரி ஆண்டர்சனுக்கு அந்தப் பாத்திரம் பிடிக்கவில்லை.

நிஜமான மீட்பில் தண்ணீர் எங்கே போனது தெரியுமா? 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் வெள்ளத்தில் சிக்கினார்கள். இரவு பகலாக எஞ்சின் வைத்து நீரை இறைத்தார்கள். அந்த நீர் அக்கம்பக்கத்து நெல்வயல்களில் பாய்ந்து பயிரை மூழ்கடித்தது. பிள்ளைகள் பிழைத்தால் போதும் என்று சொல்லி இழப்பீட்டைக்கூட வேண்டாமென்ற விவசாயிகள் இருந்தார்கள். ஜூலை 8 முதல் 10 வரை மூன்று நாளில் 13 பேரும் வெளியே வந்தார்கள். இருட்டு நீருக்குள் பிள்ளைகள் மிரண்டு முகமூடியைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக, ஆஸ்திரேலிய மயக்கமருந்து மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் அவர்களை மயக்கத்தில் ஆழ்த்தித்தான் அனுப்பினார். காற்று உருளைகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமன் குனன் உயிரிழந்தார்.

தொடர் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. தேவையான இயந்திரம் எப்போதும் வர்ஜிலின் வாகனம் சுமந்துவரும் பெட்டியில் இருக்கிறது, பெரும்பாலும் சொன்னபடி கேட்கிறது. உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதை 2023 நவம்பர் 12 அன்று இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டினார்கள். துளையிடக் கொண்டுவந்த பெரிய இயந்திரத்தின் அலகு, இன்னும் சில மீட்டரே பாக்கி என்ற நிலையில் முறிந்துபோயிற்று. எலிவளைச் சுரங்கம் தோண்டிப் பழகியவர்கள் குழாய்க்குள் தவழ்ந்து போய்க் கையால் குடைந்து வழி திறந்தார்கள். பதினேழாம் நாள் 41 பேரும் வெளியே வந்தார்கள். சிலியின் சான் ஹோசே சுரங்கத்தில் 2010-இல் 33 பேரை 69 நாள் கழித்து எடுத்தபோதும் சின்ன விஷயங்களுக்கு மெனக்கெட்டார்கள். கூண்டில் சுழன்று மேலே வரும்போது குமட்டாமலிருக்கத் திரவ உணவு கொடுத்தார்கள். இத்தனை நாள் இருட்டில் இருந்த கண் கூசாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தார்கள்.

அனுமதி? 1988-இல் ஆர்மீனியாவில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது பல நாட்டுக் குழுக்கள் ஓடிவந்தன, ஆனால் ஒருங்கிணைக்க ஆளில்லை. அந்த அனுபவத்தால் 1991-இல் ஐ.நா. ஆதரவில் இதற்கென ஓர் அமைப்பு உருவானது. முதலில் போய்ச் சேரும் குழு விமான நிலையத்திலேயே வரவேற்பு மையம் திறந்து, பின்னால் வருபவர்களைப் பிரித்து அனுப்ப வேண்டும் என்பது இன்றைய முறை. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்கு நம் தேசியப் பேரிடர் மீட்புப் படை கிளம்பியபோது, வீரர்கள் பலரிடம் பாஸ்போர்ட்டே இல்லை. ஒரே இரவில் தயாரித்துக் கொடுத்தார்கள். ட்ரேசி சகோதரர்களை எந்தக் குடியேற்ற அதிகாரியும் நிறுத்திக் கேட்டதில்லை.

பணக் கேள்விக்குத் தொடர் கொடுக்கும் பதில், அப்பா கட்டுமானத் தொழிலில் சம்பாதித்தார் என்பதுதான். ஒரே பணக்காரரை நம்பாமலும் இது நடக்கும். பிரிட்டனின் கடல் மீட்பு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. 1824-இல் தொடங்கியது. பெரும்பாலும் பொதுமக்கள் நன்கொடையில் நடக்கிறது. படகில் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். கடை வைத்திருப்பவர், ஆசிரியர் என்று வேறு வேலை பார்ப்பவர்கள். இதுவரை 1,40,000-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

உன்னைப் போன்ற ரசிகர்கள் கேட்டுக் கேட்டு ஓயாததால், கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன ஹெய்ன்ஸ் பதிப்பகம் 2012-இல் தண்டர்பேர்ட் வாகனங்களுக்கே ஒரு தொழில்நுட்பக் கையேடு வெளியிட்டது. கிரஹாம் பிளீத்மன் ஒவ்வொரு வாகனத்தையும் குறுக்கே வெட்டிக் காட்டுவதுபோல வரைந்திருக்கிறார். கிடைத்தால் பார்.

கடைசிக் கேள்வி: ஆபத்திலிருப்பவர் வானொலியில் கூப்பிட்டால் ஜானுக்குக் கேட்டுவிடுகிறதே, அது நடக்குமா? நடக்கிறது, பேச்சு இல்லாமலே. கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் நான்கும் பனிப்போர்க் காலத்திலேயே சேர்ந்து தொடங்கிய காஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாட்டில், கப்பலிலோ விமானத்திலோ உள்ள சிறு கருவி 406 மெகாஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும், செயற்கைக்கோள் அதைப் பிடித்துத் தரைக்குச் சொல்லும். 1982-இல் முதல் உயிர்களைக் காத்தது. இந்தியாவுக்கான கட்டுப்பாட்டு மையம் பெங்களூருவில் இஸ்ரோவிடம் இருக்கிறது. பேரிடர் அழைப்பு வந்தால் கிளம்ப, தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் நம் அரக்கோணத்தில் இருக்கிறது.

உன் பாட்டியின் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடு: எந்த அவசரத்துக்கும் 112. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554.

அன்புடன்,
தாத்தா