வேடந்தாங்கல் பறவைகள்: கேட்பதெல்லாம் மெய்யா?

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியைப் பற்றி இரண்டு செய்திகள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. "அங்கே கூடு கட்டுபவை எல்லாம் சைபீரியாவிலிருந்து வந்த பறவைகள்" என்பது ஒன்று. "பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாயும் வயலுக்கு உரமே வேண்டாம்" என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு; மிகையும் உண்டு. எது எவ்வளவு என்று தெரியாமல் நடந்தால் நட்டம் விவசாயிக்கே.

கூடு கட்டுவது எந்தப் பறவை?

வேடந்தாங்கலில் தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் கூடு கட்டுபவை நத்தை குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, அரிவாள் மூக்கன், கொக்கு முதலியவை. இவை நம் நாட்டுப் பறவைகளே. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் பல பக்கங்களிலிருந்தும் வந்து கூடுகின்றன. குஞ்சு பொரித்து வளர்த்து, ஏரி வற்றும் சமயம் கலைந்து போகின்றன.

குளிர்காலத்தில் வெகு தொலைவிலிருந்து வரும் பறவைகளும் உண்டு. ஊசிவால் வாத்து, உள்ளான் போன்றவை குளிருக்குத் தப்பி இரை தேடி வருகின்றன. ஆனால் அவை இங்கே முட்டையிடுவதில்லை. திரும்பிப் போய் வடக்கேதான் குஞ்சு பொரிக்கும். ஆகவே கூட்டில் இருப்பது நம் நாட்டுப் பறவை; கூடு கட்டாமல் குளிர்காலத்தை மட்டும் கழித்துப் போவதே தூர தேசத்து விருந்தாளி.

இதனால் விவசாயிக்கு என்ன?

"எங்கிருந்தோ வந்தது, எங்கோ போகும்" என்று எண்ணினால் அக்கறை குறையும். உண்மை வேறு. குஞ்சுகளுக்கு வேண்டிய மீனும் நத்தையும் சுற்றியுள்ள ஏரி, குளம், நஞ்சை வயல்களிலிருந்தே வருகின்றன. நத்தை குத்தி நாரை வயலில் இறங்குவது நெல்மணிக்காக அல்ல, நத்தைக்காக. அதை விரட்ட வேண்டியதில்லை. பூச்சிமருந்து தெளித்த வயலின் தண்ணீரை உடனே வாய்க்காலில் வடித்துவிடக் கூடாது. மருந்து ஏரி, குளத்தில் சேர்ந்தால் மீனுக்கும் கேடு, பறவைக்கும் கேடு.

எச்சம் உரமாகுமா?

ஆகும். பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அது கலந்த தண்ணீர் பயிருக்கு நல்லது என்பதை வேடந்தாங்கல் மக்கள் தங்கள் வயலிலேயே கண்டறிந்தார்கள். பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டும் என்று முறையிட்டு, 1798-ஆம் ஆண்டிலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் பாதுகாப்பு உரிமை பெற்றார்கள். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-இல்தான் அரசு இதைச் சரணாலயமாக ஏற்றது.

ஆனால் "உரமே வேண்டாம்" என்பது மிகை. பறவைகளின் எண்ணிக்கை, ஏரியில் உள்ள நீரின் அளவு, வயலுக்குப் பாயும் தண்ணீர் ஆகியவற்றைப் பொறுத்துச் சத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும். பேச்சை நம்பி உரத்தை நிறுத்தினால் விளைச்சல் குறையலாம். வழக்கம்போல் முழு அளவு யூரியா போட்டால் பயிர் மிதமிஞ்சித் தழைத்துச் சாயலாம், பூச்சியும் நோயும் கூடலாம், பணமும் வீண்.

சோதிப்பது எப்படி?

1. பயிரிடும் முன் மண் பரிசோதனை செய்து, அடியுரத்தை அதன்படி இடுக.

2. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துக. காலை 8 முதல் 10 மணிக்குள், வயலில் பரவலாகப் பத்துக் குத்துகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் முழுதும் விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிடுக. வெயில் நேரே விழாமல் உடல் நிழலில் பார்க்க வேண்டும்.

3. பத்தில் ஆறு இலையாவது 4-ஆம் எண் நிறத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டும் தழைச்சத்து மேலுரம் இடுக. வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண் போதும்.

4. ஏரித் தண்ணீர் பாயும் வயலுக்கும் கிணற்றுத் தண்ணீர் பாயும் வயலுக்கும் தனித்தனியே கணக்கு எழுதி வைக்க வேண்டும். எத்தனை மூட்டை யூரியா மிச்சம் என்பதை அறுவடையில் அந்தக் கணக்கே காட்டிவிடும்.